ஆற்றங்கரையில்தான் சொன்னேன்

முதலில் அது வலிக்கவில்லை. குளித்துவிட்டுத் துவாயால் துடைக்கும்போது, வலது தொடையும் அடிவயிறும் சேருகிற மடிப்புக்குக் கீழே ஒரு சிறு உருண்டை கையில் தட்டுப்பட்டது. புளியங்கொட்டையை விடக் கொஞ்சம் பெரிது. அமர்த்தினால் உள்ளே போனது. கட்டிலில் படுத்தால் இருந்த இடமே தெரியவில்லை. உடுப்புக் கூடையைத் தூக்கினாலோ இருமினாலோ மறுபடி வந்தது.

அது குடலிறக்கம் (வயிற்றுச் சுவரில் பலமில்லாத இடத்தால் குடலின் ஒரு பகுதி வெளியே தள்ளுவது) என்று பிறகுதான் தெரியும். என்னுடையது தொடைப்பக்கமாக வருகிற வகை. அது பெண்களுக்கு, அதிலும் என்னைப் போல வயதானவர்களுக்குக் கூடுதலாக வருமாம். வாசல் ஒடுக்கம் என்பதால் வெளியே வந்த குடல் திரும்பிப் போகமுடியாமல் இறுகிவிடும் ஆபத்தும் அதிகமாம். நான் ஐந்தாம் வகுப்புத்தான் படித்தவள். டொக்டர் சொன்னதை மகள் எனக்குச் சொல்ல, எனக்கு விளங்கின அளவில் எழுதுகிறேன்.

அப்போது நான் அதை ஒரு நோய் என்றே நினைக்கவில்லை. சொல்லக்கூடாத இடத்தில் வந்த ஒன்று என்று மட்டும் நினைத்தேன்.

நான் மகன் அன்ரனோடு இல்-பிசார் என்ற சிறு தீவில் இருக்கிறேன். பனி கொட்டும் குளிர் நாடு, பிரெஞ்சு பேசுகிற இடம். அமைதியான இடம், தனித்தனி வீடுகள், பஸ் குறைவு. கடைக்கோ கோயிலுக்கோ டொக்டரிடமோ போவதென்றால் அன்ரனின் கார்தான். மருமகள் பிரெஞ்சுக்காரி, நல்ல பிள்ளை. எனக்கும் அவளுக்கும் இடையில் சிரிப்பும் தேத்தண்ணியும்தான் பாஷை. முன்பு ஒரு ஹோட்டலில் துணி தோய்க்கும் வேலை செய்தபோது பிடித்த பிரெஞ்சுச் சொற்கள் சில என்னிடம் உண்டு. வணக்கம், நன்றி, சூடு, மெதுவாக, இங்கே. அவற்றை வைத்துக்கொண்டு இந்த வருத்தத்தைச் சொல்ல முடியாது.

பிரஷர் பார்க்கப் போகும்போதெல்லாம் அன்ரன்தான் எனக்கும் டொக்டருக்கும் நடுவில் இருப்பான். டொக்டர் ஒரு பெண். கடைசியில் எப்போதும் ஒரே கேள்வி கேட்பா.

"அம்மா, வேற ஏதும் வருத்தம் இருக்கா எண்டு கேக்கிறா."

"வேற ஒண்டும் இல்ல தம்பி."

"முழங்கால் நோகுது எண்டு சொன்னீங்களே?"

"அது வயசு நோவு. அத ஏன் அவக்குச் சொல்லுவான்?"

அவன் சிரித்துக்கொண்டு முழங்காலைச் சொல்லுவான். டொக்டர் முழங்காலை அமர்த்திப் பார்ப்பா. அதற்கு இரண்டு சாண் மேலே அந்த உருண்டை இருந்தது.

நான் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். மகள் ரஞ்சி கன்னியர் மடத்தில் சேர்ந்தவள், தாதி வேலை படித்தவள். கொங்கோவில் உள்ளுக்குள்ளே, ஆறு கடந்து போகவேண்டிய ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் பல வருடமாக இருக்கிறாள். "அம்மா, ஒருக்கா வந்து பாருங்க" என்று ஒவ்வொரு நத்தாருக்கும் (கிறிஸ்மஸ்) கேட்பாள். அன்ரனுக்கு டோர்வல் விமான நிலையத்தில் பொதி ஏற்றும் வேலை, டிக்கெட் எடுப்பது அவனுக்குச் சுலபம். சரி, போவோம் என்றேன். எல்லோருக்கும் ஆச்சரியம். மகளிடம் காட்டலாம் என்பதுதான் என் மனதில் இருந்தது. அவள் பெண், தாதி, தமிழில் கேட்பாள்.

தலைநகரத்துக்கு வந்து ரஞ்சி என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். சிறிய விமானத்தில் ஒரு பட்டணத்துக்குப் போய் அங்கே மடத்தில் தங்கினோம். ஒரே அறையில் வேறு சிஸ்டர்மாரும் படுத்தார்கள். இங்கே வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போய் ஆறுதலாகச் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.

விடியத் தொடங்க ஜீப்பில் ஏறினோம். அது பாதையில்லை, மழை அறுத்த வாய்க்கால். ஒவ்வொரு பள்ளத்துக்கும் இருக்கையை விட்டு எழும்பி விழுந்தேன். கொஞ்ச நேரத்தில் அந்த உருண்டை வெளியே வந்ததை உணர்ந்தேன். கைப்பையை மடியில் வைத்து, அதற்குக் கீழே கையை வைத்து அமர்த்தினேன். உள்ளே போகவில்லை. இன்னும் அமர்த்தினேன். கல்லுப்போல இருந்தது. முன்னால் சாரதி இருந்தார், அவர் பக்கத்தில் ரஞ்சி. நான் வாயைத் திறக்கவில்லை.

வலி தொடையில் இல்லை, தொப்புளைச் சுற்றி வந்தது. வரும், முறுக்கும், விடும். பிறகு விடுகிற நேரம் குறைந்தது. ஆற்றங்கரைக்கு வந்தபோது நான் கதவைத் திறந்து வெளியே வாந்தி எடுத்தேன்.

"ஜீப் குலுக்கினதுதான் அம்மா" என்றாள் ரஞ்சி. தண்ணீர் தந்தாள். அது அப்படியே பச்சையாகத் திரும்பி வந்தது.

ஆறு தேத்தண்ணி நிறத்தில் கரை முட்ட ஓடியது. மேலே எங்கோ நல்ல மழை. வேரோடு மரங்கள் மிதந்து போயின. வாகனம் ஏற்றுகிற மிதவை அக்கரையில் கட்டிக் கிடந்தது. எங்கள் ஊர் மட்டக்களப்பில் நாங்கள் இதைப் பாதை என்போம், கம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டு அக்கரைக்குப் போவது. அந்தப் பாதைக்குப் பொறுப்பான பெரியவரை எல்லோரும் பப்பா தெயோ என்றார்கள். தண்ணீர் வடியும்வரை மிதவை அசையாது, நாளையோ நாளன்றைக்கோ பார்க்கலாம் என்றார். அக்கரையில் மரங்களுக்கு மேலே ஆஸ்பத்திரியின் தகரக் கூரை தெரிந்தது.

ரஞ்சி என் நெற்றியைத் தொட்டாள். பிறகு வயிற்றை.

"எங்க நோகுது? சரியாச் சொல்லுங்க."

சாரதி நின்றார். துடுப்புக்காரர்கள் நின்றார்கள். வாழைக்குலையோடு வந்த பெண்கள் நின்றார்கள். அவ்வளவு பேரில் தமிழ் தெரிந்தவள் ரஞ்சி ஒருத்திதான். அப்படியிருந்தும் நான் அவளைக் குனியச் சொல்லிக் காதுக்குள்ளே சொன்னேன்.

அவள் என்னை ஜீப்புக்குப் பின்னால் கூட்டிப்போய்ப் பார்த்தாள். பார்த்தவுடன் அவளுடைய முகம் மகளின் முகமாக இல்லை, தாதியின் முகமாகிவிட்டது.

"எப்ப இருந்து?"

"குளிருக்கு முந்தி."

"இந்தக் குளிரா?"

"போன குளிர்."

"அன்ரனுக்குத் தெரியுமா?"

"அவன் ஆம்பிளப் புள்ள. அவனிட்ட எப்பிடிச் சொல்ற?"

"டொக்டரிட்ட சொல்லியிருக்கலாமே."

"அவன்தானே டொக்டரிட்ட சொல்ற."

அவள் என் சட்டையை இழுத்துவிட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "இனி அமத்தாதீங்க. குடல் வெளியில வந்து இறுகிட்டுது. அதுக்கு ரத்தம் போகுதில்ல. கன நேரம் இப்பிடி இருந்தா அந்தத் துண்டு கறுத்துச் செத்துப்போகும், பிறகு உடம்பெல்லாம் நஞ்சாகிடும். ஒப்பரேசன் செய்ற டொக்டர் அந்தப் பக்கம் இருக்கிறார். நாங்க இந்தப் பக்கம்."

வந்த வழியே திரும்பினால் அன்றைக்குள் பட்டணம் போய்ச் சேரமாட்டோம். அந்தக் குலுக்கலைக் குடலும் தாங்காது. தோணி ஒன்றுதான் வழி.

ரஞ்சிக்கும் பப்பா தெயோவுக்கும் வாக்குவாதம் நடந்தது. அவள் கோபப்பட்டு நான் பார்த்ததேயில்லை. அவர் கோபப்படவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். கடைசியில் ரஞ்சி என்னிடம் வந்தாள்.

"அம்மா, நீங்களே சொல்லவேணுமாம்."

"என்னத்த?"

"பெருக்கில தோணி விடுறதெண்டா, ஏறுற ஆள் தன்ட வாயால கேக்கவேணும். என்ன வருத்தம் எண்டும் சொல்லவேணும். என்னத்த ஏத்திறம் எண்டு துடுப்புப் போடுறவைக்குத் தெரியவேணுமாம். மகள் சொன்னாக் காணாதாம். இது இஞ்சத்த வழக்கம், நான் சொல்லி மாறாது."

"நீ சொல்லன் புள்ள, நான் தலையாட்டுறன்."

"தலையாட்டினாலும் காணாதாம்."

பப்பா தெயோ எனக்கு முன்னால் குந்தி இருந்தார். அவருக்கும் என் வயதுதான் இருக்கும். "மமா" என்றார். அங்கே வயதான பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஏதோ கேட்டார். ரஞ்சி சொன்னாள், "நீந்துவீங்களா எண்டு கேக்கிறார்."

இல்லை என்று கை காட்டினேன்.

"தானும் இப்ப நீந்துறதில்லையாம், வயசு போயிட்டுதாம். அப்ப ரெண்டு பேரும் தோணிய நல்லாப் பிடிக்கவேணுமாம்."

துடுப்புக்காரர் ஒருவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த முறுக்கு வந்தது. அது விடும்வரை பல்லைக் கடித்தேன். பிறகு அத்தனை ஆண்களுக்கு முன்னால் என் வலது கையை எடுத்துத் தொடை மடிப்பில் வைத்தேன். அங்கேயும் பிரெஞ்சு விளங்கும். "இசி" என்றேன் (இங்கே). "மால்" என்றேன் (நோவு). போவோம் என்பதற்கு, மருமகள் வீட்டை விட்டு வெளிக்கிடும்போதெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லுவது நினைவு வந்தது. "ஓன் நீ வா."

அவர் என் கையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். எழுந்து போய், மரத்தில் தொங்கிய பழைய வாகன றிம்மை (சக்கர வளையம்) அக்கரைக்குக் கேட்க இரும்பால் அடிக்கத் தொடங்கினார். வாகனம் வந்தால் விட்டுவிட்டு அடிப்பார்களாம். நோயாளி வந்தால் நிறுத்தாமல் அடிப்பார்களாம். பிறகு அந்த இரும்பைச் சாரதியிடம் கொடுத்துவிட்டுத் தோணிக்கு வந்தார்.

ஒரே மரத்தில் குடைந்த தோணி. என்னைப் பாயில் மல்லாக்கப் படுக்கவைத்து, ரஞ்சியின் பயணப் பையின் மேல் கால்களைத் தூக்கி வைத்தார்கள். தலையை விடக் கால் உயரத்தில். சட்டை சரிந்தது. அதை இழுத்துவிடக் கை எட்டவில்லை. அப்போது பப்பா தெயோ தோளில் கிடந்த துணியை எடுத்து, வேறு பக்கம் பார்த்தபடி என் கால்களுக்கு மேல் விரித்துவிட்டார். அந்த அந்தரம் அவசரத்திலும் அவர் வேறு பக்கம் பார்த்தார் என்பது என் மனதில் பதிந்தது.

படுத்திருந்த எனக்கு ஆறு தெரியவில்லை. வானமும் துடுப்புப் போடுகிறவர்களின் முழங்கால்களும் தெரிந்தன. மரத்துக்கு அடியில் தண்ணீர் இரைவது என் முதுகில் கேட்டது. ரஞ்சி ஒரு கையால் என்னைப் பிடித்து, மறு கையால் தண்ணீர் இறைத்தபடி செபம் சொல்லிக்கொண்டு வந்தாள். திடீரென்று செபம் நின்றது. யாரோ கத்தினார்கள். தோணி ஒரு பக்கம் சரிந்தது. என் தலைக்கு மேலாக ஒரு மரத்தின் வேர்கள் ஈரம் சொட்டச் சொட்டக் கடந்து போயின. அது கடந்துபோக எவ்வளவு நேரம் எடுத்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. இப்போதும் சில நாளில் அது போய்க்கொண்டுதான் இருக்கிறது.

ஆறு எங்களை இறங்குதுறைக்குக் கீழே இழுத்துவிட்டது. நாணல் பக்கமாக ஒதுங்கி, வேர்களைப் பிடித்துப் பிடித்து மேலே வந்தார்கள். இரும்புச் சத்தம் தூரத்தில் நிற்காமல் கேட்டது. அந்தச் சத்தத்துக்குக் கரையால் ஓடிவந்தவர்கள் ஸ்ட்ரெச்சரோடு நின்றார்கள்.

டொக்டர் அந்த நாட்டுக்காரர், மெல்லிய ஆள், குரலும் மெல்லியது. முதுகில் ஊசி போட்டார்கள் (இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வது). நான் முழித்திருந்தேன். முகத்துக்கு முன்னால் துணி கட்டியிருந்தது. ரஞ்சி என் தலைமாட்டில் இருந்து நாடி பார்த்தாள். வெளியே ஜெனரேட்டர் இயங்கியது.

டொக்டர் ஏதோ சொன்னார். எல்லோரும் வேலையை நிறுத்தினார்கள்.

"என்ன புள்ள?"

"குடல் கத்தரிக்காய் நிறத்தில இருக்கு அம்மா. இறுக்கத்த விட்டாச்சு. சுடுதண்ணித் துணியால சுத்தி வச்சிருக்கிறார். ரத்தம் திரும்பி வந்து சிவந்தா அப்பிடியே உள்ள வைப்பார். கறுப்பாவே இருந்தா வெட்டித் தைக்கவேணும்."

"வெட்டினா?"

"வெட்டுறதும் செய்வார். ஆனா உங்கட வயசுக்கு அது பெரிய விசயம்."

காத்திருந்தோம். என் உடம்பின் ஒரு துண்டு எனக்குத் தெரியாமல் துணிக்கு அந்தப் பக்கம் கிடந்தது. எனக்கு அங்கே ஒன்றும் தெரியவில்லை, நோவும் இல்லை. அவ்வளவு காலம் யாரும் பார்த்துவிடக்கூடாது என்று மறைத்த இடத்தை இப்போது அறையில் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பார்க்க முடியாதவள் நான் ஒருத்திதான். பாருங்கள், நல்லாய்ப் பாருங்கள் என்றுதான் நினைத்தேன்.

டொக்டர் குடலில் சுற்றிய துணியை விலக்கினார். இல்லை. வேறு சுடுதண்ணி கொண்டுவரச் சொன்னார். மறுபடி மூடினார். ரஞ்சியின் விரல் என் மணிக்கட்டில் இறுகியது. மறுபடி விலக்கினார்.  விரலால் தட்டிப் பார்க்கிறார் என்று ரஞ்சி சொன்னாள். பிறகு ஒரு சொல் சொன்னார்.

"சிவக்குது அம்மா" என்றாள் ரஞ்சி. "ஒரு ஓரத்தில இருந்து சிவந்துகொண்டு வருது."

அதோடு முடியவில்லை. குடல் உயிரோடு இருந்தால் மட்டும் போதாது, வேலை செய்யவேண்டும். அதற்கு அடையாளம் காற்றுப் பிரிவது. அதுவரை வாயில் ஒன்றும் இல்லை, கையில் சேலைன் மட்டும்.

வார்டில் ஒவ்வொரு கட்டிலுக்கும் கீழே நோயாளியின் சொந்தக்காரர் பாய் போட்டிருந்தார்கள். சமைப்பது, கழுவுவது எல்லாம் அவர்கள்தான். ரஞ்சிக்கு மற்ற நோயாளிகளும் உண்டு. அதனால் பக்கத்துக் கட்டிலுக்குக் காவலாக வந்த மமா சிமோன் என்ற பெண் என்னையும் தன் பொறுப்பில் எடுத்துவிட்டா. காலையில் டொக்டர் வந்து கேட்பார், "காஸ்?" (காற்று). நான் தலையைக் குனிந்துகொண்டு இல்லை என்பேன். அவர் போனதும் மமா சிமோன் கேட்பா. பிறகு அவவின் மருமகள் கேட்பாள். தண்ணீர் கொண்டுவருகிறவர் கேட்பார். வாசலில் நின்று யாரோ முகம் தெரியாத ஆள் கேட்பார். வயிறு மேளம்போல ஊதியது. ரஞ்சி காதை வைத்துக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள். அவள் ஒன்றும் சொல்லாதபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

ஒரு மத்தியானம் மமா சிமோன் என்னைப் பிடித்து நடத்திக்கொண்டு போகும்போது, வார்டுக்கு நடுவில் அது நடந்தது. சத்தமாகவே நடந்தது. நான் நின்ற இடத்தில் நின்றேன். மமா சிமோன் என் முகத்தைப் பார்த்தா. பிறகு வார்டு முழுவதற்கும் அறிவித்தா. பெண்கள் கை தட்டினார்கள். வயிற்றில் கட்டுப் போட்டிருந்த ஒருத்தி, தன் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஓடிவந்த ரஞ்சி என் தோளில் முகத்தை வைத்து அழுதாள்.

"இதுக்கா அழுற?" என்றேன்.

"இதுக்குத்தான் அழுறன்" என்றாள்.

நானும் சிரித்தேன். சிரித்தால் தையல் நொந்தது, கையால் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

திரும்பி வரும்போது ஆறு வடிந்திருந்தது. மிதவையில் ஜீப்போடு கடந்தோம். பப்பா தெயோவின் துணியைத் தோய்த்து மடித்துக் கொடுத்தேன். அவர் அதை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "ஓன் நீ வா?" என்று என்னிடம் கேட்டார்.

டோர்வலில் அன்ரன் சக்கர நாற்காலியோடு நின்றான். ரஞ்சி போனில் எல்லாம் சொல்லியிருந்தாள். காரில் வரும்போது அவன் ரோட்டைப் பார்த்தபடி கேட்டான்.

"என்னிட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, அம்மா."

"எனக்கு வாய் வரல்ல தம்பி."

"நான் வெளியில போய் நிண்டிருப்பன். தமிழ் தெரிஞ்ச பொம்பிள ஒராள ஒழுங்கு பண்ணுங்க எண்டு கேட்டிருப்பன்."

அப்படிக் கேட்கலாம் என்பதே எனக்குத் தெரியாது. இதை வாசிக்கிற சகோதரிகள் யாருக்காவது மகனோ மருமகனோ பேரனோதான் டொக்டரிடம் கதைக்கிறவர் என்றால், அவரை வெளியே இருக்கச் சொல்லுங்கள். வேறு பெண்ணைக் கேளுங்கள். ஒருவரும் கிடைக்காவிட்டால் கையை அந்த இடத்தில் வையுங்கள். அடிவயிற்றில், தொடை மடிப்பில் வந்து வந்து போகிற உருண்டையை வயசு நோவு என்று விடாதீர்கள். அது கல்லாகி, வாந்தியும் வந்தால் ஒரு மணித்தியாலமும் பொறுக்கவேண்டாம்.

அடுத்த முறை டொக்டரிடம் போனபோது அவ வழக்கம்போல வேறு ஏதும் உண்டா என்று கேட்டா. அன்ரன் வாயைத் திறக்க முன்னம் நான் கையை வைத்து "இசி" என்றேன். அவன் எழுந்து வெளியே போனான். டொக்டர் திரையை இழுத்துவிட்டுத் தையலைப் பார்த்தா. கன நேரம் பார்த்தா.

கோடையில் எங்கள் தீவிலிருந்து எதிர்க்கரையில் இருக்கிற லவாலுக்கு ஒரு பாதை (மிதவை) ஓடும். அதுவும் கம்பியைப் பிடித்துப் போவதுதான். கார் ஏறி நின்று இருமிச் செருமுவதற்குள் அக்கரை வந்துவிடும். போன கிழமை அன்ரன் என்னைக் கூட்டிப்போனான். முன்பென்றால் காருக்குள்ளேயே இருப்பேன். அன்று இறங்கித் தண்ணீருக்குப் பக்கத்தில் நின்றேன். நடு ஆற்றில் தலைக்கு மேலாக அந்த வேர்கள் மறுபடி கடந்து போயின. அவை கடக்கும்வரை கரை வரவில்லை. மற்றவர்களுக்கு அது சில நிமிடம், எனக்கு ஒரு பகல்.

அப்போது இருமல் வந்தது. இருமுவதற்கு முன்னமே என் வலது கை தானாகப் போய்த் தொடை மடிப்பில் அமர்ந்தது. இனிமேல் இருமும்போது அந்த இடத்தை அப்படித்தான் தாங்கவேண்டும் என்று ஒப்பரேசன் செய்த டொக்டர் சொல்லியிருக்கிறார். பக்கத்துக் காரில் ஒரு மனிதர் இருந்தார், சைக்கிளோடு இரண்டு பெடியன்கள் நின்றார்கள். அவர்கள் பார்க்கிறார்களே என்ற எண்ணம் எனக்கு இருமி முடித்த பிறகுதான் வந்தது. வந்தபோது பாதை கரையில் முட்டிவிட்டது. கையை எடுக்காமலே நடந்துபோய்க் காரில் ஏறினேன்.